திண்ணைக்குக் கீழே நின்று பிரஷர் பார்ப்பது

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஆள் ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில் பதிந்திருக்கணும், கால் மேல் கால் போடக்கூடாது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் எதன்மேலாவது தாங்கி வைக்க வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு கூடிக் காட்டும். பத்துப் புள்ளி வரைக்கும்கூட ஏறிவிடும். பட்டை தளர்ந்திருந்தாலும் கூடும். பயிற்சியின் முதல் நாளே இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர், "நீ அங்கனயே நில்லு" என்று நம்மைத் தெருவில் நிறுத்திவிட்டு, கையை மட்டும் கீழே தொங்கவிட்டால் என்ன செய்வது என்பது பயிற்சியில் இல்லை.

நான் திருவாதவூர்க்காரி, மேலூர் தாலுகா. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றால் வெளியூரில் எல்லோருக்கும் தெரியும். காலனியில் பிறந்து, பக்கத்து ஊர்க் காலனியில் வாக்கப்பட்டு, வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது பிள்ளைகளோடு திருவாதவூருக்கே திரும்பி வந்தவள். பன்னிரண்டாவது வரை படித்தேன். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கவும், மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கவும் என் போன்ற குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். தன்னார்வலர் என்று பெயர். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை.

இந்தத் திட்டம் நல்ல திட்டம். ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்ததால் மாத்திரையை நிறுத்திவிட்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் வாசலுக்கே வந்த பிறகு, பக்கவாதம் வராமல் தப்பியவர்கள் எங்கள் ஊரில் நடமாடுகிறார்கள். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்ததாகச் செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழு முழுக்க வாழ்த்துதான். நானும் சந்தோஷப்பட்டேன், இப்போதும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை. இந்த வேலையைச் செய்கிற பெண்கள், அதிலும் காலனியிலிருந்து போகிற பெண்கள், இரண்டு மூன்று வருஷத்திலேயே ஏன் உள்ளுக்குள் அற்றுப்போகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடையைத்தான் எல்லோரும் முதலில் காரணமாகச் சொல்வார்கள். நடை எங்களுக்குப் பழக்கம். எங்கள் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடுகிறபோது ஒரு போகம் நெல். நடவு, களையெடுப்பு நடக்கும் மாதங்களில் காலை ஆறு மணிக்கெல்லாம் வீடுகள் பூட்டிக் கிடக்கும். அப்போது விடிவதற்கு முன்னாலோ விளக்கு வைத்த பிறகோதான் ஆளைப் பிடிக்க முடியும். நூறு நாள் வேலை நடந்தால் கண்மாய்க் கரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். வரிசையாக உட்காரவைத்துப் பார்த்துவிடலாம், அது சுலபம். வைகாசியில் சாமி மேலூருக்குப் புறப்படும்போதும், ஆவணியில் மாணிக்கவாசகர் மதுரைக்குப் போகும்போதும் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். அந்த வாரக் கணக்கு குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேள்வி வரும். இதெல்லாம் உடம்பு அலுப்பு. ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

தூங்கி எழுந்தும் சரியாகாதது வேறு.

ஊருக்குள் ஒரு பெரிய வீடு. பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். நான் பையோடு போய் நின்றால் திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டுவார். திண்ணை என் இடுப்புக்கு மேலே இருக்கும், ஏறக்கூடாது. பட்டையை என் கையிலிருந்து வாங்கி அவர் மகன்தான் கட்டிவிடுவார், தளர்வாக. கை தொங்கும். மிஷின் 168 என்று காட்டும். எனக்குத் தெரியும், அது அவருடைய பிரஷர் இல்லை. கை இருக்கிற இடமும் பட்டை கட்டியிருக்கிற விதமும் சேர்ந்து காட்டுகிற கணக்கு. "ஐயா, கையை மேல தூக்கி அந்தத் தலகாணி மேல வைங்க" என்பேன். "நீ பாத்தது போதும், எழுது" என்பார். அதை அப்படியே எழுதினால் மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள். எழுதாவிட்டால் அந்த வீட்டுக்கு நான் போகவே இல்லை என்று ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பார்க்கச் சொல்லிப் பரிந்துரை எழுதிக்கொடுத்துவிட்டு வருவேன். அங்கே போனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, யார் எவர் என்று கேட்காமல் செவிலியரிடம் கையைக் கொடுப்பார். அங்கே 140-க்குக் கீழேதான் இருக்கும்.

சுகர் பார்ப்பது இன்னும் சிரமம். விரலைப் பிடித்து அழுத்தினால்தான் ரத்தம் வரும். சில வீடுகளில் ஊசியை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களே குத்திக்கொள்வார்கள். நான் எட்ட நின்று சோதனைப் பட்டியை நீட்ட வேண்டும். சில வீட்டில் நான் கிளம்பிய கையோடு வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும். எல்லா வீடும் அப்படி என்று சொன்னால் அது பொய். "உள்ள வாத்தா, வெயில்ல நிக்காத" என்று நாற்காலி போட்டு மோர் கொடுக்கிற வீடுகளும் அதே தெருவில் உண்டு. ஆனால் எந்த வீடு எப்படி என்பதை ஒவ்வொரு வாசலிலும் நான்தான் முன்கூட்டியே கணக்குப்போட வேண்டும். எங்கே நிற்பது, செருப்பை எங்கே விடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பத்து வயதுப் பையனுக்கு என்ன பதில் சொல்வது, தாகம் எடுத்தால் கேட்கலாமா வேண்டாமா. இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எனக்குச் சோறு தண்ணி இறங்காமல் செய்தது இதுதான்.

எங்கள் தாலுகாவில் இதற்கு ஒரு பழைய நினைவும் உண்டு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில், தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனையும் அவரோடு பஸ்ஸில் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஊர்த்தெருவுக்குள் போகும்போது நடையே மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, அதே மாதிரித் தெருவில் முதல் முறை நடந்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது, எனக்கும் தெரியும். திண்ணையில் ஏறவிடவில்லை என்று நான் புகார் கொடுத்தால், அடுத்த மாதமும் அதே தெருவில் அதே பையோடு நடக்கப்போவது நான்தான். நடவுக்கு அந்த வீட்டு வயலுக்குப் போவது என் சின்னம்மா.

இனி எங்கள் பக்கம். காலனியில் எனக்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "ஏத்தா, தலைய சுத்துது, வந்து பாரு" என்பார்கள். போகாமல் இருக்க முடியாது, எல்லாரும் சொந்தம். ரத்தச் சர்க்கரை 400-ஐத் தொட்ட பிறகும் குடியை விடாத அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் என்னிடம்தான் அழுவார்கள். ஒருமுறை மாத்திரை வர ஒரு வாரம் தாமதமானபோது, "ஊருக்குள்ள எல்லாம் குடுத்துட்டு எங்களுக்கு இல்லைங்கிறியா" என்று என் சொந்த மாமாவே கேட்டார். ஊருக்குள்ளும் கொடுக்கவில்லை, சரக்கே வரவில்லை. அங்கேயும் திட்டு, இங்கேயும் திட்டு. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு கைபேசியில் அன்றைய விவரங்களை ஏற்ற வேண்டும். மொட்டைமாடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஏற்றி முடிக்கிற நேரத்தில் மேலே இருந்து ஒரு செய்தி வரும், உங்கள் பகுதி ஏன் பின்தங்கியிருக்கிறது என்று. யாருடைய பகுதியில் எத்தனை வாசல் அடைபட்டிருக்கிறது என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் இல்லை.

ஒரு அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்த்தெருவில்தான் வீடு. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, படுக்கையில் இருந்தது. எங்கள் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை செய்கிறவரும், ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும் வருவார்கள். அவர்களுக்கு வட்டாரம் முழுக்கப் பார்க்க வேண்டியிருப்பதால், இடைப்பட்ட நாட்களில் கை கால் மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் நாள் நான் வாசலோடு நின்றேன். அந்த அம்மாவே உள்ளிருந்து குரல் கொடுத்தது: "தாயி, அங்க நின்னு எப்பிடிம்மா என் கையப் பிடிப்ப? உள்ள வா." மருமகள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு கட்டிலோரம் உட்கார்ந்துதான் வேலை. சுருண்டு போன விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் துணிச் சுருளை வைத்துப் பிடிக்கச் சொல்வேன். முதுகில் புண் வந்துவிடாமல் இரண்டு மணிக்கொருதரம் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று மருமகளுக்குக் காட்டினேன். சில மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. அந்த அம்மா அதைத் தன் பேரனைக் கூப்பிட்டுக் காட்டியது.

பிறகு ஒரு மார்கழியில் தவறிப்போனது. நான் போனேன். தெருமுனையில் எங்கள் ஆட்கள் நிற்கிற இடம் என்று ஒன்று உண்டு, அங்கேதான் நிற்க முடிந்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். கூப்பிட அவளால் முடியவில்லை, அவளைக் குறை சொல்லமாட்டேன். நித்தம் பிடித்த கையைக் கடைசியாகத் தொட்டுக் கும்பிட எனக்கு வழியில்லாமல் போனது. அன்று மாலையும் அடுத்த தெருவில் பார்க்க வேண்டிய வீடுகள் பாக்கி இருந்தன.

எனக்கு வெறுத்துப்போனது அந்தச் சமயத்தில்தான். வெறுப்பு என்றால் கோபம்கூட இல்லை. ஒரு வாசலில் நின்று கூப்பிடும்போது, உள்ளே ஆள் இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைப்பேன். 200-க்கு மேலே பிரஷர் காட்டினாலும் மனசு துணுக்குறாது. கைதான் எழுதும். வீட்டில் மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். மற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தபோது ஆளாளுக்கு இதையேதான் சொன்னார்கள். ஒருத்தி பையைப் பார்த்தாலே வயிறு பிசைகிறது என்றாள்.

மதுரையிலிருந்து பயிற்சி நடத்த வந்த மனநல ஆலோசகர் ஒருவர் இதற்குப் பணிச்சோர்வு என்று பெயர் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை விவரித்திருக்கிறதாம்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பது, நம்மால் ஒன்றும் ஆகாது என்று தோன்றுவது. மூன்றும் எங்களுக்குப் பொருந்தியது. அவர் சொன்ன இன்னொரு தகவல் என்னை உலுக்கியது. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இந்தச் சோர்வைப் பற்றி முதன்முதலாக எழுதியது ஒரு இலவச மருத்துவ மையத்தில் வேலை பார்த்தவர்களைப் பார்த்துத்தானாம். நியூயார்க்கில், வீடில்லாத, போதைக்கு அடிமையான இளைஞர்களுக்காக நடந்த மையம். அங்கே மனசு ஒப்பிச் சேவை செய்ய வந்த தன்னார்வலர்கள் கொஞ்ச காலத்திலேயே ஓய்ந்துபோனதை அவர் பார்த்திருக்கிறார். அவரும் அங்கே ஒரு தன்னார்வலர்தான், அவரும் ஓய்ந்துபோனவர்தான். அக்கறை இல்லாதவர்களுக்கு வருகிற நோய் இல்லை என்று தெரிந்ததே எங்களுக்குப் பாதி ஆறுதல்.

ஆனால் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மையத்தை விட்டு வெளியே வந்தால் அவர்களுக்கு வேறு ஒரு ஊர், வேறு ஒரு வாழ்க்கை. நாங்கள் வேலை முடிந்து திரும்புகிற தெருவும் வேலை செய்கிற தெருவும் ஒன்றுதான். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்கிறார்கள். மூச்சுப்பயிற்சி செய்தேன், தூக்கம் வந்தது, அது நல்லதுதான். மறுநாள் போனால் திண்ணை அதே உயரத்தில் இருக்கிறது.

சேவை என்று சொல்லிச் சொற்பத் தொகைக்கு வேலை வாங்குவது இந்த நாட்டில் புதிதும் இல்லை. 1977 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் என்று ஆரம்பித்தபோது அவர்களுக்கு மாதம் 50 ரூபாய். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளர்களுக்கும் ஊக்கத்தொகைதான். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில், மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் படத்தை நான் கைபேசியில் பார்க்கும்போதெல்லாம் அதில் என் முகத்தைத் தேடுவேன்.

ஓய்ந்துபோகாமல் நின்றவர்களும் உண்டு. மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்று ஒரு ஊர். ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி 1970-இல் அங்கே வேலையைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பெண்கள் வாராவாரம் மையத்துக்கு வந்து, சாதி பாராமல் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தங்கி, ஊரில் நடந்ததைப் பேசிவிட்டுத் திரும்புவார்களாம். மருந்து, பாடம் எல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு ராத்திரிதான் அவர்களை வருஷக்கணக்கில் நிற்கவைத்தது என்று நான் நினைக்கிறேன்.

ராத்திரி தங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. மேலூரில் மாதாந்திரக் கூட்டம் முடிந்து, பஸ் வருகிற வரைக்கும் ஒரு மணி நேரம் எங்களுக்குள் உட்கார ஆரம்பித்தோம். பேசுவது வெளியே போகக்கூடாது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. முதல் கூட்டத்தில் பட்டையை எங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தோம். ஊருக்கெல்லாம் பிரஷர் பார்க்கிறவர்களில் பல பேருக்கு 140-ஐத் தாண்டியது. அன்றைக்கே எங்கள் பெயரையும் பட்டியலில் சேர்த்தோம்.

எங்களில் ஊர்ப்பக்கப் பெண்களும் உண்டு. அவர்களில் ஒரு அக்கா, "அந்த நாலு வீட்டை நான் பாத்துக்கிறேன், நீங்க விடுங்க" என்றார். நல்ல மனசோடு சொன்னார். இதில் நாங்கள் ரொம்ப நேரம் வாதாடினோம். ஒத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அந்த வீட்டுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்? வேண்டாதவளை விரட்டினால் வேண்டியவள் வருவாள் என்றுதானே. மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நின்றால், தீண்டாமையை ஒழிக்கிற பொறுப்பை 4,500 ரூபாய்க்காரியின் தலையில் வைத்த மாதிரி. கடைசியில் இப்படி முடிவு செய்தோம். ரொம்ப முடியாமல் போனவள் கேட்டால் ஒரு சுற்று மாற்றிக்கொடுப்பது. அடுத்த சுற்றில் இரண்டு பேரும் சேர்ந்து போவது. பட்டையைக் கட்டுவது காலனிப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், அந்த அக்கா பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுப்பார்.

பெரியவர் வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். அக்கா நேராகச் சொன்னார்: "அண்ணே, கை நெஞ்சு மட்டத்துக்கு வரலைன்னா அளவு தப்பு. ஒண்ணு நீங்க எறங்கி நாற்காலில உக்காருங்க, இல்ல அவ மேல ஏறட்டும்." அவர் இறங்கி உட்கார்ந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் பட்டையை நான் கட்டினேன். 138. இன்னொரு வீட்டில் கதவையே சாத்திவிட்டார்கள். அவர்கள் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய் மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் எனக்குச் சம்மதம்தான், மாத்திரை நிற்கவில்லை. அதை என் கணக்கில் குறைவாகக் காட்டக்கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

இதையும் மற்ற கோரிக்கைகளையும் மாதாந்திரக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டோம். பிறகு எழுதியும் கொடுத்தோம். ஊக்கத்தொகை என்பதை மாற்றிச் சம்பளம் ஆக்குங்கள், பணியாளர் என்று அட்டை கொடுங்கள். உடம்புக்கு முடியாத நாளில் மாற்று ஆளைப் போடுங்கள். இப்போது நான் படுத்துவிட்டால், எழுந்ததும் அந்த நாட்களின் வீடுகளையும் நான்தான் சேர்த்துப் பார்க்கிறேன். வாசலில் நிறுத்துகிற வீட்டைப் பதிவு செய்ய ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டம் நிரம்பினால் மேலதிகாரியே அந்த வீட்டுக்கு எங்களோடு வர வேண்டும். மாத்திரை வரத் தாமதமானால் அதை நிலையத்தின் பெயரில் ஊருக்கு அறிவியுங்கள், எங்கள் வாயால் சொல்லவைக்காதீர்கள். பஸ் வருகிற வரைக்கும் உட்காருகிற அந்த ஒரு மணி நேரத்தை வேலை நேரமாகச் சேருங்கள். அதைக் கொடுத்தால் மற்றதைக் கேட்கிற தெம்பு எங்களுக்குத் தானாக வரும்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் எங்களில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு ஒத்தக்கடைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி காலனிப் பெண். நல்ல கைராசிக்காரி, குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோலப் பிடித்து வலிக்காமல் குத்துவாள். அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் சுற்றுக்கு நான் கூடப் போகிறேன். எந்தெந்த வீட்டில் எங்கே நிறுத்துவார்கள் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முதல் மாதக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரச்சொல்லியிருக்கிறேன்.